ஈர ஓலை என்று சொன்னேன்

சென்ற மாதம் நான் முன்பு வேலை பார்த்த கைவினை நிலையத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் பார்த்துவந்த சோதனைப் பிரிவு வேலையை இப்போது பார்க்கிறவர்கள். ஓலை விளக்குகளில் இனிமேல் எல்.இ.டி. பல்புதான் போடப் போகிறார்களாம். அடிப்பெட்டிக்குள் டிரான்ஸ்பார்மர் இருக்காது, சூடும் இருக்காது, அப்புறம் எதற்காக ஒவ்வொரு விளக்கையும் ஒரு மணி நேரம் எரியவிட்டுப் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார்கள். ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டும். விளக்கின் அடிப்பெட்டியில் காற்றுப் போகக் கண் விட்டு முடைகிற முறையை நான் கண்டுபிடித்த கதையை எழுத வேண்டும்.

அந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. அதைச் சொன்னவர் செல்லக்கனி. அவர் சொன்னபோது நான் கேட்கவில்லை. பிறகு அதையே என் யோசனை என்று சொல்லிப் பொன்னாடை வாங்கிக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வந்தவர்கள் என்னிடம் கேட்டது இதை அல்ல. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

நான் அடிப்படையில் ரேடியோ மெக்கானிக். இரண்டு வருடம் தொழிற்பயிற்சி, நான்கு வருடம் மதுரையில் ஒரு கடையில் உதவியாள் வேலை, அதற்குப் பிறகு கோவில்பட்டியில் சொந்தக் கடை. எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தொழிற்சாலைகளின் முதலாளிகள் வீட்டு டிவியெல்லாம் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. குனிந்தே வேலை பார்த்துக் கழுத்து வலி வந்ததும் கடையை மூடிவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். எட்டயபுரம் ரோட்டில் ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸ் கட்டடம்தான் அவர்களுடைய நிலையம். சுவரைச் சுரண்டினால் அப்போதும் தீக்குச்சி மருந்து வாசனை வரும். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே உள்ள பனங்காட்டு ஊர்களில் ஓலை முடைகிற பெண்களிடம் பெட்டி, கூடை, தட்டு வாங்கி வெளியூருக்கு அனுப்புவது அங்கே வேலை. அந்த ஓலைக்குள் மின்விளக்கை வைத்தால் என்ன என்று முதலில் யோசித்தவர் மேனேஜர் ஜெபராஜ் சார். என்னை வேலைக்கு எடுத்ததும் அதற்காகத்தான்.

ஜெபராஜ் சார் ராணுவத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசாமல் இருப்பார். நின்றுகொண்டு எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். அவர் வாசலைத் தாண்டும்போது ஓடிப்போய் நோட்டை நீட்டினாலும், திரும்பி உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். “நோட்டுல இல்லன்னா அது நடக்கலவே” என்பார். ஒரு தடவை இரண்டு விளக்குக்குச் சோதனைக் குறிப்பு எழுதாமல் விட்டுப்போனது. லாரிக்காரர் சத்தம் போட்டும் கேட்காமல், ஏற்றிய சரக்கை இறக்கச் சொல்லி, அந்த இரண்டையும் தேடி எடுத்து எரியவிட்டு, மறுநாள்தான் லாரியை விட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்னிடம் அவசரப்படுத்துகிற மேலதிகாரி இருந்தார் என்று நான் சாக்குச் சொல்ல முடியாது.

எங்கள் விளக்குக்குத் தொடு விளக்கு என்று பெயர். கீழே ஒரு சாண் உயரத்தில் ஓலைப்பெட்டி. மேலே ஓலையில் முடைந்த குடை. குடையின் விளிம்பில் எங்கே விரலை வைத்தாலும் விளக்கு எரியும். இன்னொரு தடவை தொட்டால் அணையும். அதற்கான சர்க்யூட் பெரிய வித்தையில்லை. கடையில் இருந்தபோதே விளையாட்டாகச் செய்து பார்த்திருந்தேன். ஆனால் விரல் படுகிற இடத்தில் உலோகம் வேண்டும். நான் முதலில் பித்தளைத் தகட்டை வளைத்து விளிம்பில் ஒட்டினேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஓலையும் கிழிந்தது.

அப்போது மாதிரி முடைவதற்காக ஊரிலிருந்து வந்திருந்தவர் செல்லக்கனி. பதினோரு பெண்கள் கொண்ட ஒரு குழுவுக்குத் தலைவி. வயது நாற்பது இருக்கும். என் மேசையில் கிடந்த மெல்லிய செம்புக் கம்பிச் சுருளை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, இதையும் ஓலையோடு சேர்த்து முடைந்துவிட்டால் ஆகாதா என்று கேட்டார். கம்பி கையை அறுக்கும் என்றேன். பனை ஈர்க்கு அறுக்காததா என்றார். அன்று மத்தியானத்துக்குள் ஓலைக்கு ஒரு பின்னல், கம்பிக்கு ஒரு பின்னலாக விளிம்பு முழுக்க ஓட்டிக் கொடுத்தார். செம்பு ஓலைக்கு நடுவே மினுங்கியது. கம்பியின் மேல் இருக்கிற பூச்சைச் சுரண்டினால்தான் மின்சாரம் போகும் என்று நான் சொன்னதும், ஈர்க்கு கிழிக்கிற சின்னக் கத்தியால் ஒரே இழுப்பில் சுரண்டினார். அந்தச் சுத்தம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

கம்பி முனைகளைப் பற்றவைக்க ஆள் வேண்டியிருந்தது. செல்லக்கனியின் தம்பி மனைவி புஷ்பம் பத்தாவது வரை படித்தவள். அவளுக்குச் சால்டரிங் சொல்லிக் கொடுத்தேன். ஈயம் ஓலையில் சொட்டினால் கருகிவிடும். அதனால் சூட்டை எவ்வளவு நேரம் வைப்பது, எப்போது எடுப்பது என்பது கைக்குப் படிய வேண்டும். மற்றவர்களுக்கு மூன்று மாதம் ஆனது. புஷ்பம் மூன்று வாரத்தில் பிடித்துக்கொண்டாள். அவளையே கோவில்பட்டிக்கு வரச்சொல்லி மற்ற ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தரும் வேலையில் போடலாம் என்று ஜெபராஜ் சார் முடிவு செய்திருந்தார். தை பிறந்ததும் சேர வேண்டியது.

சோதனை என்னுடைய பொறுப்பு. முறை இதுதான். முடிந்த விளக்கை மேசையில் வைத்துப் பிளக்கில் செருக வேண்டும். முதலில் விளிம்பில் மீட்டரை வைத்து அங்கே மின்கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். பிறகு தொட்டுத் தொட்டு இருபது தடவை ஏற்றி அணைக்க வேண்டும். அதற்குப் பின் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, அடிப்பெட்டியில் புறங்கையை வைத்து மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். பத்து எண்ணும்வரை கை தாங்கினால் சரி. தாங்காவிட்டால் விளக்கைப் பிரித்துவிட வேண்டும். விரல் தொட்டவுடன் எரிய வேண்டுமென்றால் சர்க்யூட் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். அதனால் விளக்கு அணைந்திருந்தாலும் டிரான்ஸ்பார்மர் ஓடிக்கொண்டே இருக்கும். அது உட்கார்ந்திருப்பதோ நாலு பக்கமும் நெருக்கமாக முடைந்த ஓலைப் பெட்டிக்குள். சுற்று சரியில்லாத டிரான்ஸ்பார்மர் ஒன்று உள்ளே போய்விட்டால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எரிகிறதா என்று ஒரு நிமிடம் பார்ப்பதால் பயனில்லை. ஒரு மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும்.

செல்லக்கனி ஒரு நாள் அடிப்பெட்டியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அடியில் நாலு பக்கமும் கண் விட்டு முடையட்டுமா என்று கேட்டார். “உள்ள இருக்கதுக்கு மூச்சு முட்டுது சார்” என்றார். இது என் வேலை, உன் வேலை அல்ல என்ற நினைப்பு எனக்கு. கண் விட்டால் உள்ளே வயர் தெரியும், வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். அப்போதெல்லாம் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அவர் என்னை சார் என்பார்.

சென்னையில் ஒரு கைவினைக் கடையிலிருந்து நூற்றெண்பது விளக்கு கேட்டிருந்தார்கள். அதுவரை எங்களுக்கு வந்ததில் அதுதான் பெரிய வேலை. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த காலம். நூற்றிருபது வரை ஒழுங்காகப் பார்த்து முடித்திருந்தேன். கடைசி அறுபது விளக்கு லாரி வருகிற அன்று காலையில்தான் வயரிங் முடிந்து என் மேசைக்கு வந்தன. அதில் போட்டிருந்த டிரான்ஸ்பார்மர்கள் புதிதாக வந்தவை. பிறகு செருகியபோது ஒன்றிரண்டு லேசாக இரைவதைக் கேட்டேன்.

அன்று காலையிலிருந்து மத்தியானம் இரண்டு மணிவரை கரண்ட் இல்லை. ஜெபராஜ் சார் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். ஐந்து மணிக்குத் திரும்புவார். லாரி நாலு மணிக்கு. என் மேசையில் இருபது பிளக். அறுபதையும் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும். கரண்ட் வந்ததும் முதல் இருபதை எரியவிட்டேன். மூன்று மணிக்குக் கை வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. மீதி நாற்பதுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். லாரியை ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லியிருக்கலாம். மறுநாள் வரச் சொல்லியிருக்கலாம். சார் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் திரும்பி வரும்போது முற்றம் காலியாக இருக்க வேண்டும், பெரிய வேலையைச் சொன்ன நேரத்துக்கு முடித்துவிட்டான் என்று அவர் நினைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. அவ்வளவுதான் காரணம். இவ்வளவு அற்பமான காரணத்தை எழுதும்போது கை கூசுகிறது.

நாற்பதையும் செருகி, ஒரு தடவை தொட்டு, எரிகிறதா என்று பார்த்து எடுத்துவிட்டேன். நோட்டில் நூற்று நாற்பத்தொன்றிலிருந்து நூற்றெண்பது வரை, ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக, ‘ஒரு மணி நேரம், சரி’ என்று எழுதினேன். நாற்பது தடவை எழுதினேன். நடுவில் ஓரிடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். கையெழுத்து கோணவில்லை. சார் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, நாற்பது வரியையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்துச் சென்னையிலிருந்து ஆள் வந்தது. கடையில் இரண்டு நாளாகப் பிளக்கில் செருகி வைத்திருந்த ஒரு விளக்கின் அடிப்பெட்டி உள்ளுக்குள் பற்றிப் புகைந்திருக்கிறது. விற்பனைக்கு நின்ற பெண் பதறிப்போய் அதைக் கையால் தூக்கி வெளியே எறிந்திருக்கிறாள். உள்ளங்கை வெந்துவிட்டது. மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எரிந்த விளக்கின் எண் நூற்று அறுபத்து மூன்று.

அதை முதலில் என்னிடம்தான் கொடுத்தார்கள், காரணம் பார்த்துச் சொல்லும்படி. அறைக்கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தேன். டிரான்ஸ்பார்மரின் சுற்று உருகி ஒன்றாகிக் கிடந்தது. ஓலை உள்பக்கம்தான் கருகியிருந்தது. வெளிப்பக்கம் மஞ்சள் மாறவில்லை. ஒரு மணி நேரம் எரியவிட்டிருந்தால் புறங்கை தாங்கியிருக்காது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. டிரான்ஸ்பார்மரைக் கழற்றிக் கழிவுப் பெட்டியில் போட்டேன்.

மறுநாள் ஜெபராஜ் சார் என்னையும் செல்லக்கனியையும் அழைத்தார். மேசையில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் எரிந்த பெட்டியை வைத்திருந்தார். பக்கத்தில் என் நோட்டு.

“இத எரியவிட்டுப் பாத்தியாவே?” என்று என்னைக் கேட்டார்.

“பாத்தேன் சார். நோட்டுல இருக்கு.”

பக்கத்தைத் திருப்பி அந்த எண்ணில் விரலை வைத்துப் பார்த்தார். அவருடைய கையெழுத்தும் கீழே இருந்தது. “அப்போ எப்படி?” என்றார்.

அந்த இடத்தில் நான் சொன்னதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. யோசித்து வைத்துக்கொண்டும் வரவில்லை. “ஓலையில ஈரம் இருந்திருக்கும் சார். மழக்காலம்லா. ஈரத்துல கரண்டு இறங்கி சூடாயிருக்கும்” என்றேன். ஓலையை நனைத்துத்தான் முடைவார்கள், முடைந்த பிறகுதான் காய வைப்பார்கள் என்பது சாருக்குத் தெரியும். அதனால் நான் சொன்னது நம்பும்படி இருந்தது. மின்சாரம் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பார். அப்படி ஒருவர் அங்கே நான் மட்டும்தான்.

செல்லக்கனி என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாரிடம் சொன்னார். “ஏழு வெயில் காஞ்ச ஓல சார் அது. மழ பெஞ்ச நாள்ல நாங்க முடையவே இல்ல.”

“எந்தெந்த நாள் காய வச்சியன்னு எழுதி வச்சிருக்கியளாம்மா?”

“வெயில எங்க சார் எழுதி வைக்க?”

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் தேதியும் கையெழுத்துமாக நோட்டு இருந்தது. இன்னொரு பக்கம் ஒரு பெண்ணின் வார்த்தை மட்டும். அவர் வாழ்நாள் முழுக்க நோட்டை நம்பியவர். என் நோட்டையும் நம்பினார்.

அந்தக் குழுவுக்கு வேலை தருவதை நிறுத்துவதென்று முடிவானது. குழுவுக்குப் போக வேண்டிய கடிதத்தில் காரணத்தை எழுதும்படி சார் என்னிடமே சொன்னார். ‘ஓலையைச் சரியாகக் காய வைக்காத குழுத் தலைவியின் கவனக்குறைவால்’ என்று எழுதினேன். அந்த வரி என்னுடையது. குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் புஷ்பம் ஒருத்திதான் என்பதால், எல்லாருக்கும் அவள்தான் வாசித்துக் காட்டினாளாம். அவளுக்குத் தை மாதம் வர வேண்டிய வேலையும் அந்தக் கடிதத்தோடு போயிற்று.

மூன்று மாதம் கழித்து வேறு ஊர்க் குழுவை வைத்து விளக்கு வேலையை மறுபடி தொடங்கினோம். அடிப்பெட்டியில் நாலு பக்கமும் கண் விட்டு முடைந்தால் சூடு தங்காது என்று சாரிடம் சொன்னேன். செய்து பார்த்தோம். சரியாக இருந்தது. அதன்பின் ஒரு விளக்குகூடத் திரும்பி வரவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானே கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அடுத்த வருடம் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனேன். அன்றிலிருந்து ஓய்வு பெறுகிற நாள்வரை ஒரு விளக்கையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக எரியவிட்டதில்லை. கடுமையான ஆள் என்று பெயரெடுத்தேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஜெபராஜ் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் வேலையை விட்டுப் போனபோது சொல்லவில்லை. உடம்பு முடியாமல் படுத்தபோது நான்கு தடவை போய்ப் பார்த்தேன். அப்போதும் வாய் வரவில்லை. அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவிய ஒங்க நோட்டுன்னா கண்ண மூடிட்டு நம்புவாவ” என்றார்.

நான் ஓய்வு பெற்ற அன்று எல்லாரும் பேசியதும் கண் விட்ட பெட்டியைப் பற்றித்தான். மாலையோடு உட்கார்ந்து கேட்டேன். அடுத்த வாரம் புதியம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். வேலை போனதற்கு எல்லாரும் பழித்ததால் செல்லக்கனி ஊரில் இருக்க முடியாமல் அங்கே ஒரு ரெடிமேட் தையல் கம்பெனிக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்டுபிடிக்கச் சிரமமாக இல்லை. பத்துப் பதினைந்து மிஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்க சார் என்றார்.

வெளியே வந்து நின்றோம். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். நாற்பது விளக்கை எரியவிடாததையும், டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப் போட்டதையும், கடிதத்து வரியையும் மறைக்கவில்லை. பொன்னாடையையும் சொன்னேன். நான் முடித்ததும் விரலில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு, “ஓலையில ஈரம் இல்லன்னு எனக்குத் தெரியும் சார். எங்கிட்ட எதுக்கு சொல்லுதீய? அவளுககிட்ட சொல்லுங்க” என்றார்.

அது சரிதான் என்று பட்டது. விளாத்திகுளம் போய், அங்கிருந்து செல்லக்கனியின் ஊருக்குப் போனேன். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் பழைய குழுவில் ஏழு பேர் கூடினார்கள். சிலர் இறந்திருந்தார்கள், சிலர் ஊரில் இல்லை. புஷ்பம் ஊரில்தான் இருந்தாள். மதினி செல்லக்கனி விஷயம் என்று கேள்விப்பட்டதும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். ஏழு பேருக்கும் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது, செல்லக்கனி மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன்.

பிறகு வயதான ஒரு பெண் கேட்டார். “செல்லக்கனியப் பாத்துட்டா வாரிய?”

ஆமாம் என்றேன்.

“அவ சொல்லித்தான் வந்தியளா?”

அதற்கும் ஆமாம் என்றேன். பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தானே போயிருந்தேன். அவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “பாத்தியளாட்டி. அவ அழுது கேட்டிருப்பா. சாரு நல்ல மனசு. அவ பழிய இவிய ஏத்துக்கிட வந்திருக்காவ.”

அப்படியில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நோட்டில் பொய்யாக எழுதினேன் என்றேன். நான் ஒரு எழுத்தைக்கூடத் தப்பாக எழுத மாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியுமாம். நிலையத்தில் என் கடுமையைப் பற்றி ஊர் ஊராகப் பேச்சு இருந்திருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் என்மேல் மரியாதைதான் கூடியது. ஒருத்தி கடைக்குப் போய்க் கலர் சோடா வாங்கி வந்து மூடியைத் திறந்து கையில் கொடுத்தாள். வெயில் கடுமையாக இருந்தது, தொண்டை வறண்டிருந்தது. நான் அதை வாங்கிக் குடித்தேன். எழுதுகிற இந்த நேரத்திலும் அந்தக் கலரை நினைத்தால்தான் உடம்பு குறுகுகிறது. பொய் சொன்னபோதுகூட இவ்வளவு குறுகவில்லை.

மறுபடியும் புதியம்புத்தூர் போனேன். நடந்ததை அப்படியே சொன்னேன். செல்லக்கனி இந்தத் தடவை மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. தைத்துக்கொண்டே கேட்டார். கலர் குடித்ததைச் சொன்னபோது மட்டும் மிஷின் ஒரு நொடி நின்றது.

“பொய் சொன்னப்ப நம்புனாவ. நெசத்தச் சொன்னா நம்பல. அதுக்கு நான் என்ன செய்ய சார்?” என்றார்.

நான் நின்றுகொண்டிருந்தேன். காலரைத் திருப்பி மறுபக்கத்தைத் தைத்து முடித்து நூலை அறுத்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார். “புஷ்பத்துக்கு மட்டும் சொல்லிப் பாருங்க. அவ சால்டரிங் படிச்சவ. அவளுக்கு வெளங்கும்.”

மாசி மாதம், மிளகாய்ப் பழம் எடுக்கிற சமயம். புஷ்பம் ஊருக்கு மேற்கே ஒரு புஞ்சையில் கூலிக்குப் பழம் எடுத்துக்கொண்டிருந்தாள். கரிசல் பிளந்து கிடந்த வரப்பில் நடந்துபோய் அவள் முன்னால் நின்றேன். என்னை அடையாளம் தெரிந்தது. மதினி பேச்சென்றால் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். இது டிரான்ஸ்பார்மர் பேச்சு என்றேன். கையை நிறுத்தினாள்.

அவளுக்கு வேறு மாதிரி சொன்னேன். சுற்று எப்படி உருகியிருந்தது, ஓலை எந்தப் பக்கம் கருகியிருந்தது, விளிம்பில் கசிவு இருந்திருந்தால் எங்கே கருகியிருக்கும் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொன்ன பெட்டியைத் தன் கைக்குள் வைத்துப் பார்ப்பதுபோல விரல்களை மடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உள்பக்கம்தான் கருகியிருந்துதா?”

“ஆமா.”

“ஈரம்னா வெளிப்பக்கமும் கறுத்திருக்கும்.”

“ஆமா.”

“அந்த லெட்டர்ல இருந்தது?”

“நான் எழுதுனதுதான்.”

“அத நான்தான சார் எல்லாருக்கும் வாசிச்சேன்” என்றாள்.

அவள் நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. நம்பாத ஏழு பேருக்கு முன்னால் நின்றதைவிட இது கடினமாக இருந்தது. மடியில் கட்டியிருந்த பழத்தைப் பிடித்தபடி அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள்.

“எம்பிள்ளைக்குக் காது குத்துனப்ப மதினி வந்து வாசல்ல நின்னாவ. கையில பிள்ளைக்குத் துணி வச்சிருந்தாவ. நான் வாங்கன்னு சொல்லல சார். உள்ள போயிட்டேன். எட்டு வருசமாச்சு.”

மன்னித்துக்கொள் என்ற வார்த்தை வாய்க்குள் இருந்தது. அதைச் சொன்னால் அவள் எனக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தையும் அவள்மேல் வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

புஷ்பம் எழுந்தாள். மடிப் பழத்தைச் சாக்கில் கொட்டினாள். பக்கத்து நிரையில் நின்ற பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டு, வீட்டுப் பக்கம் போகாமல் ரோட்டைப் பார்த்து நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். புதியம்புத்தூருக்கா, நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

“நீங்க வராண்டாம் சார்” என்றாள்.

புதியம்புத்தூர் வழியாகத் தூத்துக்குடி போகிற பஸ் வந்தது. மிளகாய்க் காரம் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஏறினாள். அடுத்த பஸ் வரும்வரை நான் அந்த ரோட்டோரத்தில் நின்றேன். அன்று அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள், பேசினார்களா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. போய்க் கேட்கிற இடத்தில் நான் இல்லை.